ஆறு பேர் உட்காரும் மேசையை முப்பது பேருக்கு நீட்டாதீர்கள்

அறிவியல் புலக் கல்விக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

முதலாமாண்டு அறிவியல் மாணவர்களின் சிறுகுழு வகுப்பில் வரும் கல்வியாண்டு முதல் ஆறு பேருக்குப் பதில் முப்பது பேர் இருப்பார்கள், எழுத்துப் பயிற்சியும் வாசிப்புப் பயிற்சியும் இனி காணொளிகளாகக் கொடுக்கப்படும் என்கிறது உங்கள் சுற்றறிக்கை. விடுமுறையின் நடுவில் அது வந்து சேர்ந்தது. அந்த வகுப்பை ஒன்பது ஆண்டுகளாக நடத்துகிறேன். அதற்கு முன் அதே வகுப்பில் மாணவியாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த முடிவை எடுக்கும் முன் வகுப்பு நடத்துகிற எங்களில் யாரிடமும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாணவர்களிடமும் கேட்கவில்லை. அதனால்தான் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கையில் 'ரத்து' என்ற சொல் எங்கும் இல்லை, 'விரிவாக்கம்' என்று இருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. வகுப்பு ஒரு மணி நேரம். ஆறு பேர் இருந்தால் ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும், முப்பது பேர் இருந்தால் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒருவர் எழுதிய ஒரு பத்தியைப் படித்துக்கூட முடிக்க முடியாது. நிமிடக் கணக்கு கூடப் போகட்டும். முப்பது பேர் இருக்கும் அறையில் ஒளிந்துகொள்ள இடம் உண்டு. பின் வரிசையில் உட்கார்ந்து, தலையாட்டி, எழுதுவதுபோல் குனிந்து ஓர் ஆண்டு முழுவதையும் ஓட்டிவிடலாம். எனக்குத் தெரியும், விரிவுரைகளில் நானே அப்படித்தான் ஓட்டினேன். ஆறு பேர் மேசையில் அது நடக்காது.

என் முதலாமாண்டில் தனி ஊசல் சோதனை செய்து ரிப்போர்ட் எழுதினேன். புவியீர்ப்பு முடுக்கம் 9.8134 என்று நான்கு தசம இலக்கம் வரை போட்டு, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்திருந்தேன். கால்குலேட்டர் அவ்வளவு இலக்கம் காட்டியது, நானும் எழுதினேன். எங்கள் வகுப்பை நடத்தியவர் அதைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை, சிவப்பு மையிலும் எதுவும் எழுதவில்லை. பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டார். "பத்து அலைவு. ஆறு பேரும் தனித்தனியா நேரம் எடுங்க" என்றார். ஒரே சாவிக்கொத்து, ஒரே அலைவுகள், ஆனால் ஆறு பேர் எடுத்த நேரத்தில் எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. கடிகாரம் வினாடியில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது, ஆனால் அதை அழுத்துகிற விரல் அவ்வளவு துல்லியம் கிடையாது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் என் ரிப்போர்ட்டை நடுவில் வைத்து ஆறு பேருமாகக் கணக்குப் போட்டோம். ஒரு மீட்டர் ஊசல், இருபது அலைவுக்குச் சுமார் 40 வினாடி. விரலால் வரும் பிழை 0.2 வினாடி என்று வைத்தால் அலைவு நேரத்தில் அரை சதவீதம். முடுக்கத்தின் வாய்பாட்டில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் அங்கே அது ஒரு சதவீதம் ஆகிவிடும். அதாவது ஏறக்குறைய 0.1. ஆகவே நான் எழுதியிருக்க வேண்டியது 9.8, கூட்டல் கழித்தல் 0.1. மீதி மூன்று இலக்கமும் எனக்குத் தெரியாதவை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியிருந்தேன். பாடப்புத்தகத்தில் 'பிழைகள்' என்ற அத்தியாயத்தை நான் படித்திருந்தேன், தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். என் கையில் இருக்கும் எண்ணுக்கும் அந்த அத்தியாயத்துக்கும் தொடர்பு உண்டு என்பது மட்டும் உறைக்கவில்லை. அதை உறைக்க வைக்க ஒரு மனிதரும் ஒரு நூலும் ஐந்து சக மாணவர்களும் தேவைப்பட்டார்கள்.

எங்கள் வகுப்பின் வேலையே இதுதான். நாங்கள் புதிதாக எந்தப் பாடமும் எடுப்பதில்லை. விரிவுரையில் கேட்டதையும் லேபில் செய்ததையும் மாணவர் தன் வாயால் சொல்ல வேண்டும், தன் கையால் எழுத வேண்டும். சொல்லும்போது எங்கே இடறுகிறது என்பதை யாராவது அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்தால் காலம் கடந்துவிடும், அந்தத் தவறு அதற்குள் பழக்கமாகியிருக்கும்.

இன்னொரு வகுப்பைச் சொல்கிறேன். பிரான்சிஸ் அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973இல் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரி ஒரே எண்தான், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.82, புள்ளிகளுக்கு மிக நெருக்கமாக வரையும் பொருத்தக் கோட்டின் சமன்பாடும் அதேதான். இவற்றை ஆண்டுதோறும் என் குழுவுக்குக் கொடுப்பேன். முதலில் கணக்கு மட்டும். எல்லாருக்கும் ஒரே விடை வந்ததும், "நாலும் ஒரே மாதிரி சோதனைதானே?" என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். அப்புறம் வரைபடத்தாளைக் கொடுப்பேன். நான்கு பேர் ஆளுக்கொரு தொகுப்பை வரைய, மற்ற இருவர் புள்ளிகளைச் சரிபார்ப்பார்கள். முதல் தாளில் சாதாரணமாகச் சிதறிய புள்ளிகள் வரும். இரண்டாவதில் வழவழப்பான ஒரு வளைவு. மூன்றாவதில் கச்சிதமான நேர்கோடும் அதிலிருந்து விலகிய ஒரே ஒரு புள்ளியும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் 8க்கு நேரே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும், பதினோராவது தன்னந்தனியாக 19க்கு நேரே போய் நிற்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த நான்காவது தாள் ஒரு மாணவியின் கையில் இருந்தது. செமஸ்டர் தொடங்கி ஐந்து வாரம் ஆகியும் அவர் தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால் மட்டும், அதுவும் பாதிச் சொல்லை விழுங்கிக்கொண்டு பதில் சொல்வார். அன்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தத் தனிப் புள்ளியின் மேல் விரலை வைத்து மறைத்தார். எடுத்தார். மறுபடி மறைத்தார். "இதை எடுத்துட்டா கோடே இல்லையே" என்றார். அறை அமைதியாகிவிட்டது. எதிரே இருந்தவர் எட்டிப் பார்த்தார், இன்னொருவர் தாளை வாங்கித் தானும் மறைத்துப் பார்த்தார். அந்த மாணவி அப்புறம் எதுவும் சொல்லாமல் பையைத் திறந்து, அந்த வாரம் கொடுக்க வேண்டிய தன் வேதியியல் ரிப்போர்ட்டை எடுத்தார். அதிலும் ஒரு கோடு இருந்தது, அந்தக் கோட்டையும் ஒற்றைப் புள்ளிதான் தாங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கள் எல்லாருக்கும் காட்டி, "இந்த ஒரு அளவீட்டைத் திரும்ப எடுக்கணும்" என்றார். யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அவர் அன்று கற்றுக்கொண்டதற்கு உங்கள் புதிய திட்டத்தில் எந்தக் காணொளி இருக்கிறது? காணொளியில் அந்த நான்கு வரைபடங்களையும் நாற்பது வினாடியில் காட்டிவிடலாம். பார்ப்பவர் 'அட' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார். தன் பையைத் திறக்க மாட்டார்.

எழுத்துப் பயிற்சியைக் காணொளிக்கு மாற்றுவதுதான் இந்தச் சுற்றறிக்கையில் என்னை அதிகம் வருத்தியது. எழுத்து என்றால் இலக்கணம், தலைப்பு, பத்தி பிரிப்பது, மேற்கோள் காட்டும் முறை என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அவற்றைக் காணொளியில் சொல்லிக்கொடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அறிவியல் எழுத்தில் பெரும்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. போன ஆண்டு ஒரு மாணவர் இரண்டே இரண்டு வெப்பநிலைகளில் அளந்துவிட்டு, 'வெப்பநிலை கூடினால் வினைவேகம் கூடும் என நிரூபிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பலகையில் எழுதி, 'நிரூபிக்கப்பட்டது' என்பதன் கீழ் கோடு போட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஆறு பேரும் இருபது நிமிடம் அந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேசினார்கள். 'தெரிகிறது' என்று போடலாமா, 'ஒத்துப்போகிறது' என்று போடலாமா, இரண்டு புள்ளியை வைத்து 'கூடும்' என்று எதிர்காலத்தில் எழுதலாமா. எழுதியவர் முதலில் தன் சொல்லை விட்டுக்கொடுக்கவே இல்லை. "புத்தகத்துலயும் அப்படித்தானே இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர், "புத்தகத்துக்காரங்க ரெண்டு புள்ளி வெச்சா சொன்னாங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவரே 'இவ்விரு வெப்பநிலைகளில்' என்ற சொற்களைச் சேர்த்தார். தான் அளந்தது எவ்வளவோ அவ்வளவு மட்டும் சொல்லும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

அடுத்தவர் எழுதியதை எடுத்து எழுதுவதும் இப்படித்தான். என்னிடம் வந்த மாணவர்களில் வேண்டுமென்றே திருடியவர்கள் மிகக் குறைவு. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு மூடிவைத்து, புரிந்ததைத் தன் சொற்களில் சொல்வது எப்படி என்று அதுவரை யாரும் அவர்களுக்குச் செய்து காட்டியதில்லை, அவ்வளவுதான். 'காப்பி அடிக்காதே' என்று காணொளி சொல்லும், கடைசியில் 'புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தில் அவர்கள் டிக் செய்வார்கள். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் பிழையில்லாத ரிப்போர்ட்டை இயந்திரமே எழுதித் தருகிறது. காணொளிக்குக் கீழே வைக்கும் வினாடி வினாவுக்கும் அதுவே விடை சொல்லிவிடும். அந்த ரிப்போர்ட்டின் மூன்றாவது வரியில் விரலை வைத்து "இது எப்படி வந்தது?" என்று கேட்க, எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் காலத்தில் போய் அந்த நாற்காலியை எடுக்கிறீர்கள்.

மாணவர் கருத்துப் படிவத்தில் காணொளிக்கே அதிக மதிப்பெண் கிடைத்தது என்று சுற்றறிக்கை காரணம் காட்டுகிறது. உண்மையாகவே இருக்கலாம். காணொளி சுகமானது, நிறுத்திவைக்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஒரு பகுதி மாணவர்கள் நல்ல விரிவுரையைக் கேட்டார்கள், மற்றவர்கள் குழுவாக உட்கார்ந்து தாங்களே கணக்குகளைப் போட்டார்கள். தாங்களே போட்டவர்கள்தான் சோதனையில் அதிகம் கற்றிருந்தார்கள். எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது மட்டும் அவர்கள்தான் குறைவாகச் சொன்னார்கள். திணறித் திணறிக் கற்கும்போது கற்பதாகவே தோன்றுவதில்லை. என் வகுப்பிலிருந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெளியே போகிற மாணவர் அன்று படிவத்தில் எனக்கு ஐந்துக்கு மூன்று போடுவார். சரி, போடட்டும். அந்த மூன்றை வைத்து வகுப்பையே மூடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு நியாயமான எதிர்வாதமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அறிவியல் கற்பித்தலை ஆராயும் ஸ்காட் ஃப்ரீமனும் அவர் குழுவினரும் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்பில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்தும் வகுப்பில் 21.8 சதவீதம். ஐம்பது பேர் வரை உள்ள வகுப்புகளில் பலன் அதிகம் என்றும் கண்டார்கள். 'அப்படியென்றால் முப்பது போதுமே' என்று நீங்கள் கேட்கலாம். பாடத்தின் கருத்து புரியவும் தேர்வில் தேறவும் முப்பது பேர் வகுப்பு நன்றாகவே உதவும். அப்படி ஒரு வகுப்பை நீங்கள் கூடுதலாகக் கொடுத்தால் முதலில் வரவேற்பவள் நான்தான். ஆனால் அந்த எண்கள் பேசுவது தேர்வைப் பற்றி. ஒருவருடைய வரைவை வரி வரியாகப் படிப்பதும், வாயே திறக்காதவரைப் பேச வைப்பதும், கணக்கில் தப்பு கண்டவர் அதைச் சண்டையில்லாமல் சொல்லப் பழகுவதும் அந்தக் கணக்கில் வராது.

பேசிப் பழகுவதால் என்ன பெரிதாக வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன் செய்த வேலையை நினைவூட்டுகிறேன். 1970களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தடுமாறினார்கள். ஊக்கம் போதவில்லை, அடிப்படை சரியில்லை என்றெல்லாம் ஆசிரியர்கள் ஊகித்தார்கள். டிரைஸ்மன் அந்த மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் அவர்கள் தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிறப்பு வகுப்பு வைத்து எளிய பாடத்தைத் திரும்ப நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். அவர்கள் தேர்ச்சி கண்கூடாக உயர்ந்தது. வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற மாணவருக்கு, படிப்பைப் பற்றிப் பேச வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவர் பேசக் கிடைக்கிற ஒரே இடத்தைத்தான் உங்கள் முடிவு முதலில் பறிக்கிறது.

என் குழுவுக்கு வருபவர்களில் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் சிலரே. மற்றவர்கள் மருத்துவமனை ஆய்வகம், மென்பொருள், பள்ளி, வங்கி என்று எங்கெங்கோ போவார்கள். அங்கே யாரும் அவர்களிடம் ஊசலின் வாய்பாட்டைக் கேட்கப் போவதில்லை. 'இந்த எண்ணை எப்படி நம்புவது' என்று கேட்பார்கள். செமஸ்டர் தொடக்கத்தில் "உன் கணக்கு தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லி எதிரில் இருப்பவரைக் கோபப்படுத்திய ஒருவர், கடைசி வாரங்களில் "இந்த வரியில இருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனேன்னு காட்டு" என்று கேட்கத் தொடங்கினார். எந்த வேலைக்குப் போனாலும் அவருக்கு அது கைகொடுக்கும்.

எங்கள் பக்கக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சிறுகுழுக்களும் நன்றாக நடப்பதில்லை. சிலர் ஆறு பேரை வைத்துக்கொண்டும் விரிவுரைதான் எடுக்கிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டு அதைத்தான் செய்தேன். கேள்வி கேட்டுவிட்டு மூன்று வினாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் நானே விடையைச் சொல்லிவிடுவேன். காத்திருக்கப் பழகியதே மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான். புதிதாக வருகிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு பட்டியலும் அறை எண்ணும் மட்டும் கொடுத்து அனுப்புகிறோம். இந்தக் குறைக்கு மருந்து பயிற்சி. குழுவை ஐந்து மடங்காக்கினால் குறையும் ஐந்து மடங்காகும்.

இனி நான் கேட்பவை.

இந்த முடிவை வரும் ஆண்டுக்கு நிறுத்திவையுங்கள். வகுப்பு நடத்துகிறவர்களையும், அதை முடித்த இரண்டாம் ஆண்டு மாணவர்களையும் அழைத்துக் கேட்டபின் முடிவெடுங்கள்.

ஆசிரியர்களின் வகுப்பு நேரம்தான் சிக்கல் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 180 மாணவர்களுக்கு இப்போது வாரம் 30 வகுப்பு நடக்கிறது, உங்கள் திட்டத்தில் 6. குழுவுக்கு எட்டுப் பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். 23 குழு வரும், வாரத்துக்குச் சராசரியாக 12 வகுப்புக்கு மேல் போகாது. இப்போது ஆவதில் பாதிகூட இல்லை. வாரந்தோறும் முப்பது பேரோடு உட்காருவதைவிட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டுப் பேரோடு உட்காருவதையே நான் தேர்ந்தெடுப்பேன். எட்டைத் தாண்ட வேண்டாம் என்று மட்டும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

காணொளிகளைத் தயாரித்துவிட்டீர்கள் என்றால் வீணாக்க வேண்டாம். வகுப்புக்கு வரும் முன் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். மேற்கோள் முறையும் வரைபட அமைப்பும் அங்கே முடிந்துவிட்டால் எங்களுக்கும் நேரம் மிஞ்சும். எழுதியதைப் படித்துத் திருத்துவது மட்டும் மனிதர் கையில் இருக்கட்டும். அந்தத் திருத்தும் நேரத்தையும் எங்கள் வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். இப்போது அது கணக்கிலேயே இல்லை.

புதிதாக வகுப்பெடுப்பவர்களுக்குச் செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். மூத்தவர் ஒருவரின் வகுப்பை இரண்டு முறையாவது அவர்கள் பார்க்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். பயிற்சி நடத்த நான் வருகிறேன், இதற்குத் தனி ஊதியம் வேண்டாம்.

வகுப்பால் பயன் உண்டா என்பதை அளக்கக் கருத்துப் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் ஒரே தரவைக் கொடுத்து ஒரு பக்க ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்கள். எது முன்னது, எது பின்னது என்று தெரியாத இரண்டு ஆசிரியர்கள் அவற்றைப் படித்து மதிப்பிடட்டும். முடிவு எங்களுக்கு எதிராக வந்தாலும் அதை வெளியிடச் சம்மதிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. குழு உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு வகுப்புக்காவது வந்து உட்காருங்கள். செமஸ்டர் தொடங்கி ஐந்தாவது வாரம் அந்த நான்கு வரைபடங்களையும் எடுப்பேன். மேசையில் ஆறு நாற்காலி, சுவரோரம் இன்னும் இரண்டு போட்டுவைக்கிறேன். எந்த நாள் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதலாமாண்டுச் சிறுகுழு வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியை